ஆத்தங்குடிப் பட்டறையில் நிறமும் கட்டமும்

வீட்டின் வளவுத் (உள்முற்றப் பகுதி) தரையைப் புதுப்பிப்பதற்காகக் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கையால் வார்க்கும் தரைக்கல்லான பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் கோடுகள் ஓரத்தில் மயிரிழை அளவு நெளிகின்றன. இயந்திரக் கல்லில் கிடைக்காத அந்த நெளிவுக்காகவே இதை வாங்கலாம்.

மூலைக்கு மூலை இரு நிறமாகப் பிரிந்த ஒரே கல்லை, நான்காகச் சேர்த்துத் திருப்பித் திருப்பி வைத்தால் வைரமும் ஆகிறது, காற்றாடியும் ஆகிறது. கறுப்பை ஒட்டி வைத்தபோது பளிச்சென்றிருந்த மஞ்சள், வெள்ளையை ஒட்டி வைத்ததும் மங்கித் தெரிந்தது. நேர்கோடுகளையும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய முதன்மை நிறங்களையும் கொண்டே 1920களில் அரூப ஓவியங்கள் வரைந்த டச்சு ஓவியர் மோந்திரியானின் நினைவு எனக்கு அங்கேதான் வந்தது. (அவர் பச்சையைத் தவிர்த்தவர்; நம் முகப்புகளோ பச்சையின்றி நிறைவதில்லை.)

குறை ஒன்றுண்டு. பிறகு கேட்டு வாங்கிய இருபது கற்களின் பச்சை, முதலில் வந்ததோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறையும் நிறத்தைக் கையால் கலப்பதால், உடைசலுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிடுவது நல்லது. விரித்த பின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறுகிறது.