ஆர்த்தர் மோர்கனுக்கு ஒரு வீடியோ செய்யப் போய் 18,500 ரூபாய் போச்சு. எடிட்டர்கிட்ட வேலை கொடுக்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி 11.40 வரைக்கும் போனைக் கையில வெச்சுக்கிட்டே இருந்தேன். இனிமே அந்த நம்பர்ல இருந்து பதில் வராது. டிபி போட்டோ காணோம், நான் அனுப்புற மெசேஜுக்கு ஒத்தை டிக்தான் விழுது. 18,500 ரூபாய். ஒப்பந்த வேலையில இருக்கிற ஒரு லேப் டெக்னீஷியனுக்கு அது ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். ஆறிட்டா "போனாப் போகுது"ன்னு விட்டுடுவேன், அவன் அடுத்த ஆளைப் பிடிச்சிருவான்.

என்ன வீடியோன்னு முதல்ல சொல்லணும். அதைச் சொல்லாம இந்த நஷ்டம் யாருக்கும் புரியாது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2018 அக்டோபர்ல வந்த கேம். அதோட நாயகன் ஆர்த்தர் மோர்கன். 1899ல அமெரிக்காவுல குதிரையில சுத்துற ஒரு கொள்ளைக் கூட்டத்து ஆளு. கூட்டத்துல ஒருத்தர் வட்டிக்கு விட்ட பணத்தை வசூல் பண்ண, நோஞ்சானா இருக்கிற ஒரு விவசாயி வீட்டுக்குப் போய் அவரைப் போட்டு அடிப்பான். அந்த மனுஷன் இருமுவார், ரத்தம் ஆர்த்தர் மூஞ்சியில தெறிக்கும். சில நொடிதான். முதல் தடவை விளையாடுறவங்க அதைப் பெருசா எடுத்துக்கவே மாட்டாங்க. எனக்கு மட்டும் வயித்துல என்னமோ பண்ணுச்சு, ஏன்னா என் வேலையே அதுதான். நான் தினமும் சளி சாம்பிள் பார்க்கிறவ. ஸ்லைடுக்குச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல வெச்சா, நீலப் பின்னணியில மெல்லிசா சிவப்புக் குச்சி குச்சியா தெரியும். அதான் காசநோய்க் கிருமி.

அந்த விவசாயிகிட்ட இருந்து அது ஆர்த்தருக்கும் தொத்திடும். அப்புறம் கேம் போகப் போக அவன் இருமுறான், எடை குறையுது, கண்ணு சிவக்குது, மூஞ்சி வெளிறிப் போகுது. செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருவுல மயங்கி விழுந்து எழுந்து, டாக்டர்கிட்டப் போறான். அவர் என்ன சொல்றார்? வெதுவெதுப்பா, ஈரமில்லாத இடமாப் பார்த்துப் போய் ஓய்வெடுங்கறார். அவ்வளவுதான். மருந்துச் சீட்டு கிடையாது. ஏன்னா 1899ல மருந்தே கிடையாது. கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடிச்சதா அறிவிச்சது 1882 மார்ச் 24. அதுக்கப்புறம் 17 வருஷம் கழிச்சு ஆர்த்தர் அந்த டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கான். இந்த நோயைக் குணப்படுத்தின முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், அதைக் கண்டுபிடிச்சது 1943ல, அவனுக்கு 44 வருஷம் கழிச்சு. எதனால சாகுறோம்னு தெரியும், தடுக்க ஒண்ணும் இல்லை. அந்த இடைவெளியில மாட்டிக்கிட்டவன் அவன்.

இதைத்தான் தமிழ்ல ஆறு நிமிஷ வீடியோவா செய்யணும்னு ஆசைப்பட்டேன். இந்த வருஷம் மார்ச் 24, உலகக் காசநோய் தினத்தன்னிக்குப் போடணும். முதல்ல ஆர்த்தர். அதுக்கப்புறம் நம்ம தாம்பரம் சானடோரியம். தினமும் ரயில்ல அந்த ஸ்டேஷன் பேரைச் சொல்றோம், அந்தப் பேரு 1928ல இந்த நோய்க்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியால வந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் 1956ல சென்னையில ஆரம்பிச்ச ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியில படுத்து மருந்து சாப்பிட்டவங்களும் வீட்டுல இருந்தபடியே சாப்பிட்டவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமானாங்கன்னு 1959ல அது உலகத்துக்கே காட்டுச்சு. இன்னிக்கு சாதாரண காசநோய்னா ஆறு மாசம் மாத்திரை, அவ்வளவுதான். ஆர்த்தர் நம்ம காலத்துல இருந்திருந்தா பிழைச்சிருப்பான். வீடியோவோட மொத்த விஷயமும் இந்த ஒரு வரிதான்.

மூணு மாசம், டியூட்டி முடிச்சு வந்து ராத்திரி 11 மணிக்கு மேல உட்கார்ந்து பதிவு பண்ணேன். திரை ஓரத்துல வர்ற மேப்பை எல்லாம் அணைச்சிட்டு, சினிமா கேமரா கோணத்துல. கேம்ல வர்ற லேக் இசபெல்லா ஏரிப் பனிக்குள்ள போய்ப் பிடிச்ச வெள்ளை அரேபியக் குதிரைதான் என் குதிரை. லாயத்துல அதுக்கு மல்லின்னு பேரு வெச்சேன். என் ஆர்த்தர் தாடியை மழிக்காம வளர்த்தவன். ரயில் ஸ்டேஷன் பெஞ்சுல கன்னியாஸ்திரிகிட்ட உட்கார்ந்து "பயமா இருக்கு"ன்னு ஒத்துக்கிற காட்சியை மட்டும் நாலு தடவை எடுத்தேன். லேப்ல அனுமதி வாங்கி, மைக்ரோஸ்கோப் கண்ணாடியில போனை வெச்சு அந்தச் சிவப்புக் குச்சிகளையும் 40 நொடி எடுத்து வெச்சிருந்தேன். ஆனா என் கம்ப்யூட்டர்ல கேம் ஓடுறதே பெரிய விஷயம், எடிட்டிங் மென்பொருள் போட்டா திணறி நின்னுடும். அதனால ஆள் தேடினேன்.

தேடினது, வேலை கொடுக்கிறவங்களையும் செய்யறவங்களையும் சேர்த்து வைக்கிற ஒரு செயலியில. பேரு போடலை. அதுல ஒரு பையன், கேம் வீடியோ எடிட்டர், அஞ்சு நட்சத்திரம். முதல் மெசேஜுலயே "அக்கா"ன்னான். நானும் தம்பின்னுதான் பேசினேன். ஆறு நிமிஷத்துக்கு 15,000 கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னேன்.

அன்னிக்கு ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். நான் ஏமாந்த இடம் அதுதான். இப்பவும் அது என் போன்ல இருக்கு. "அக்கா, கடைசி மிஷன்ல குதிரை கீழ விழுந்து ஆர்த்தர் அதைத் தடவிக்கொடுத்து நன்றி சொல்வான்ல, அப்போ நான் கேமை நிறுத்திட்டு வெளிய போய் நின்னுட்டேங்கா. உங்க குதிரை பேரு என்னக்கா?"

உங்க குதிரை பேரு என்னன்னு கேட்டான். என் வீட்டுல யாரும் அதைக் கேட்டதில்லை. மல்லின்னு சொன்னேன். "அப்ப வீடியோவுல மல்லிக்குன்னு தனியா 20 செகண்ட் வைக்கிறேங்கா"ன்னான். மறுநாள் காலையில 9,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டேன்.

அதுவும் எங்க போட்டேன்? செயலிக்கு வெளிய. "செயலி வழியா போட்டா கமிஷன் பிடிப்பாங்கக்கா, நேரா ஜிபே பண்ணுங்க, அந்தக் காசுக்கு நான் கூட ஒரு நிமிஷம் செஞ்சு தரேன்"னு சொன்னான். தம்பி பாவம், அவனுக்கு எதுக்கு நஷ்டம்னு நினைச்சேன். ஹார்ட் டிஸ்க்கைக் கூரியர்ல அனுப்பினேன். பதிவு பண்ணினதோட ஒரே பிரதி அதுலதான் இருந்தது. கம்ப்யூட்டர்ல இடமில்லைன்னு டிஸ்க்குக்கு மாத்தினதும் இதுல இருந்து அழிச்சிட்டேன். 18,500 போனதை விட இந்தப் பத்தியை எழுதறதுதான் எனக்கு வலிக்குது.

பிப்ரவரி 20க்குள்ள முதல் பிரதின்னான். 20ஆம் தேதி கேட்டா "ரெண்டர் ஓடிட்டு இருக்குக்கா", அதாவது கம்ப்யூட்டர் முழு வீடியோவைக் கோத்துட்டு இருக்காம். 22ஆம் தேதி "ஏரியாவுல கரண்ட் கட்". 24ஆம் தேதி அவனே கூப்பிட்டான். கேம்ல வர்ற பாட்டுக்கு லைசென்ஸ் வாங்கணும், இல்லைன்னா காப்பிரைட் கிளெய்ம் வந்து வீடியோவைத் தூக்கிடுவாங்க, 3,500 ஆகும்னான். காப்பிரைட் கிளெய்ம்னு ஒண்ணு வரும்ங்கறது உண்மை, அதனால நம்பிட்டேன். 3,500 போட்டேன். லைசென்ஸ் பேப்பரைக் காட்டுன்னு அப்பவே கேட்டிருக்கணும்.

மார்ச் மாசம் முழுக்க இழுத்தான். "ஆயாவுக்கு உடம்பு சரியில்லக்கா" அப்படின்னதும் நான் ரெண்டு நாள் மெசேஜே அனுப்பலை, தொந்தரவு பண்ண வேண்டாம்னு. ஒரு துண்டு மட்டும் காட்டு தம்பின்னா, "பாதியில பார்த்தா ஃபீல் போயிடும்க்கா". 21ஆம் தேதி "முடிஞ்சிடுச்சுக்கா, பேலன்ஸ் போட்டுட்டீங்கன்னா லிங்க் வந்துடும்". இன்னும் மூணு நாள்தான் இருக்கு. 6,000 போட்டேன். ஆக 18,500.

22ஆம் தேதி மத்தியானம் லிங்க் வந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல லேப் பின்வாசல்ல நின்னு பார்த்தேன்.

குதிரை கறுப்பு.

முதல்ல வெளிச்சம் கம்மியோன்னு நினைச்சேன். அப்புறம் ஆர்த்தரோட தாடியைப் பார்த்தேன், வழுவழுன்னு மழிச்சிருக்கு. தொப்பி வேற. நான் அணைச்சு வெச்சு எடுத்த மேப்பு இடது மூலையில உட்கார்ந்திருக்கு. வலது ஓரத்துல சின்னதா ஒரு மங்கல் பெட்டி, ஆறு நிமிஷமும் நகராம நிக்குது. வேற யாரோ போட்டிருந்த முத்திரையை மங்கலாக்கி மறைச்சிருக்கான். மைக்ரோஸ்கோப் இல்லை. சானடோரியம் இல்லை. நான் பேசி அனுப்பின குரலை மட்டும் மேல ஒட்டியிருக்கான், அது பாட்டுக்கு ஓடுது. நான் மருந்தைப் பத்திப் பேசறப்போ படத்துல ஆர்த்தர் மீன் பிடிச்சிட்டு இருக்கான்.

கடைசியில ஆர்த்தர் கல்லறை. நல்லவனா வாழ்ந்து முடிச்சா அந்தச் சிலுவையில ஒரு பைபிள் வசனம் இருக்கும். அதைத் தமிழ்ல போடச் சொல்லியிருந்தேன்: "நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் பாக்கியவான்கள்." அதைப் போட்டிருந்தான். எழுத்து உடைஞ்சு போய். "மேல்"ல இருக்கிற கொம்பு ம-வுக்குப் பின்னாடி போய், கூட ஒரு புள்ளி வட்டமும் ஒட்டிக்கிட்டு நிக்குது. தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் ஒரு தடவை கண்ணால பார்த்திருந்தா விட்டிருக்கவே முடியாது. மென்பொருள்ல எழுத்து அமைப்பை இந்திய மொழிகளுக்கு மாத்தினா சரியாகிற விஷயம். அதைக்கூடச் செய்யலை.

அந்தக் கறுப்புக் குதிரை வீடியோவைத் தேடிப் பிடிச்சேன். வெளிநாட்டு ரசிகர் ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி போட்டது. அவசரத்துல நான் ஏத்தியிருந்தா என் பேர்லதான் திருட்டுப் பட்டம் வந்திருக்கும்.

இவன்கிட்டக் கேட்டேன். "சாம்பிள் மாறி வந்துடுச்சுக்கா, நைட்டு அனுப்பறேன்." நைட்டு இல்லை. 23 இல்லை. மார்ச் 24 வந்துச்சு, போச்சு. டிஸ்க்கையாவது அனுப்புன்னேன். "கூரியர் போட்டாச்சுக்கா." நம்பர் கொடுன்னேன். அதோட நின்னுடுச்சு.

செயலிக்காரங்களுக்கு எழுதினேன். மூணு தடவையும் எழுத்து மாறாம ஒரே பதில்: பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் நாங்கள் தலையிட முடியாது. அந்த அஞ்சு நட்சத்திரம் உங்க வழியாத்தானேய்யா எனக்குத் தெரிஞ்சுது? என்னை ரேட்டிங் போட விடமாட்டேங்கறாங்க, ஏன்னா கணக்குப்படி எங்களுக்குள்ள வேலையே நடக்கலையாம். அவன் பக்கம் இன்னிக்குக் காலையில வரைக்கும் அப்படியே இருக்கு, அஞ்சு நட்சத்திரத்தோட. பேங்க்ல ஒரு மேடம், "நீங்களேதானே பின் போட்டு அனுப்பினீங்க"ன்னு மூணு தடவை சொன்னாங்க. ஆமா, நான்தான் அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதறேன்னு நேத்து சிநேகிதிங்ககிட்டச் சொன்னேன். இப்ப கை ஓடலை. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. செயலிக்கு வெளிய பணம் கொடுன்னு எவன் சொன்னாலும், அக்கான்னு சொன்னாலும் அம்மான்னு சொன்னாலும், அங்கேயே நிறுத்திடுங்க. உங்க பதிவுல இருந்தே பத்து செகண்ட் வெட்டிக் காட்டச் சொல்லுங்க, பழைய வீடியோவை நம்பாதீங்க. முழுசையும் முத்திரை போட்ட மங்கல் பிரதியா ஒரு தடவை பார்க்காம பேலன்ஸ் தராதீங்க. ஒரே பிரதியை யார் கையிலயும் கொடுக்காதீங்க, அது அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. ஏமாந்தது தெரிஞ்ச உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குக் கூப்பிடுங்க. நான் ஏழு நாள் "அனுப்பிடுவான், அனுப்பிடுவான்"னு உட்கார்ந்திருந்துட்டு இன்னிக்குத்தான் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்திருக்காங்க. நாளைக்கு வாய்ஸ் மெசேஜ், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட், கூரியர் ரசீது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு சைபர் கிரைம் போலீஸுக்கு நேர்ல போறேன்.

தம்பி, இது உன் கண்ணுல பட்டா ஒண்ணு சொல்றேன். 18,500 ரூபாயை போலீஸ் பார்த்துக்கட்டும். நான் அனுப்பின கூரியர் கவர் மேலயே என் விலாசம் இருக்கு, டிஸ்க்கை அதுக்குத் திருப்பி அனுப்பு. அதுல மல்லின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அழிச்சிடாதே.