வெள்ளத்தில் போன லேப்டாப்பும் டபிள்யூஎஸ்எல்லும்

2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் தண்ணீர் ஏறியபோது என் லேப்டாப் காரின் பின் சீட்டில் இருந்தது. காரை எப்படியோ மீட்டுவிட்டோம், லேப்டாப் போனது போனதுதான். கோட் எல்லாம் கிட் (Git) என்ற கோட் சேமிப்பு முறையில், வெளி சர்வரில் பத்திரமாக இருந்தது. கிட்டில் ஏற்றாமல் வைத்திருந்த கடவுச்சொல் கோப்பு, சோதனை டேட்டாபேஸ், சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி மூன்றும் தண்ணீரோடு போய்விட்டன. அழுகையே வந்துவிட்டது.

காவடி விரத நாட்கள் வேறு. மாலையில் கோயிலுக்குப் போய் வந்து, புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 (WSL 2) போதும் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, உபுண்டு என்ற லினக்ஸ் வந்துவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான உண்மையான லினக்ஸ் கெர்னலே உள்ளே ஓடுவதால் பைத்தான், நோட், டாக்கர் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை, விஎஸ் கோட் விண்டோஸ் பக்கம் திறந்தாலும் வேலை லினக்ஸ் பக்கம் நடக்கிறது. இரண்டு மாலைகளில் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்யுங்கள். புராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைக்காதீர்கள். நான் பழக்கத்தில் அங்கேதான் வைத்தேன், நோடுக்கான துணைக் கோப்புகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைப் போட்டால் நகரவே இல்லை, ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் ஒவ்வொன்றும் இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவே போய் வர வேண்டுமே! லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம் ரேம்: டபிள்யூஎஸ்எல்லை அதன் போக்கில் விட்டால் மொத்த ரேமில் பாதி வரைக்கும் எடுத்துக்கொள்ளும், 16 ஜிபியில் 8. கான்ஃபிக் கோப்பில் 6 என்று எழுதி நிறுத்தினேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்போர்ட் கட்டளை. சாவி, டேட்டாபேஸ், கடவுச்சொல் கோப்பு எல்லாம் சேர்த்து மொத்த உபுண்டுவையும் ஒரே டார் கோப்பாக எழுதித் தந்துவிடுகிறது. வேறு கணினியில் இம்போர்ட் செய்தால் அப்படியே எழுந்து வரும், ஆனால் உங்கள் பெயரில் இல்லாமல், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகத் திறக்கும், டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் உங்கள் பெயரை எழுதினால் சரி. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிரதி எடுத்து, என்கிரிப்ட் செய்த வெளி டிஸ்க்கில் போட்டு அம்மா வீட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன், அந்த வீடு கியூர்பிப்பில், மேட்டில் இருக்கிறது.