உப்சாலாவுக்கு ஒரு செமஸ்டர் படிக்க வருகிறவர்களே, அறைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

11,000 குரோனா. நம் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய். அப்பா நகைக்கடன் வைத்து அனுப்பிய பணம். மொத்தமாகப் போய்விட்டது. ஆகஸ்டில் வரப்போகிறவர்களில் சிலர் இப்போதே அறை தேடத் தொடங்கியிருப்பீர்கள், அதனால் கோபம் ஆறும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவராக வந்திருக்கிறேன். படிப்பில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை எல்லாம் தங்குமிடத்தில்தான். பல்கலைக்கழகம் வழியாக எனக்கு அறை கிடைக்கவில்லை. மாணவர் குடியிருப்புகளில் எத்தனை நாளாக வரிசையில் இருக்கிறோம் என்று பார்த்துத்தான் தருவார்கள். ஐந்து மாதம் தங்க வருகிறவருக்கு அந்த வரிசையால் என்ன பயன்? உள்ளூர்க்காரர்களின் வாடகை இணையதளங்கள் பலவற்றில் நுழைய பேங்க்ஐடி என்கிற மின்னணு அடையாளம் கேட்கிறார்கள். அதற்கு பெர்சூன்நும்மர் என்கிற அடையாள எண் வேண்டும். குறைந்தது ஓராண்டு தங்குகிறவர்களுக்குத்தான் அந்த எண். ஆக, நமக்கு மிஞ்சுவது வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆங்கிலத்தில் நடக்கும் அறைத் தளங்கள்தான். ஏமாற்றுகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அப்படி ஒரு தளம்தான். பெயரை எழுதவில்லை. ஐரோப்பா முழுக்க மாணவர் அறைகள், விளம்பரம் போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். நாம் கட்டும் பணத்தைத் தளமே வைத்திருக்கும், நாம் குடியேறி 48 மணி நேரம் ஆன பிறகுதான் அறைக்காரருக்குப் போகும் என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஃப்ளோக்ஸ்டா பகுதியில் ஒரு அறை, மாதம் 5,500 குரோனா, கூடவே ஒரு மாத முன்பணம்.

அந்த அறைக்கு விளம்பரம் போட்டிருந்த பெண் வீடியோ காலில் வந்தார். போனைக் கையில் பிடித்தபடி நடைவழி முழுக்க நடந்து காட்டினார். பொதுச் சமையலறை, ஃப்ரிட்ஜ் தட்டுகளில் ஒட்டியிருந்த பெயர்கள், ஜன்னலுக்கு வெளியே பனி. "கோட்டை அங்கேயே வாங்கிக்கொண்டு வராதீர்கள், இங்கே பழைய துணிக்கடையில் நல்லதாக மலிவாகக் கிடைக்கும், நானே கூட்டிப்போகிறேன்" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான்தான் சொன்னேன். "நல்ல பிள்ளையா இருக்கு, கட்டிடு" என்றார். என் அம்மாவின் நிம்மதியைக்கூட அந்தப் பெண் திருடியிருக்கிறார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாடகை மாதக் கணக்கு என்பதால் ஒப்பந்தத்தை ஜனவரி 1 முதல் போட வேண்டும் என்றார். நான் வருவதோ மாத நடுவில். அதனால் பணம் கட்டும் முன் தளத்தின் உதவி சாட்டில் கேட்டேன்: 48 மணி நேரம் எப்போதிலிருந்து கணக்கு? "கவலை வேண்டாம், நீங்கள் சாவி வாங்கிய பிறகுதான்" என்று பதில் வந்தது. ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. 11,000 குரோனா கட்டினேன்.

வந்து இறங்கிய அன்று மதியம் மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கடும் குளிர். அந்தப் பெண்ணின் போன் அணைந்திருந்தது. கட்டிடத்தின் வாசல் எண் அழுத்தினால்தான் திறக்கும். யாரோ வெளியே வந்தபோது உள்ளே போனேன். என் அறை என்று நினைத்த கதவைத் திறந்தது அங்கே நெடுநாளாகக் குடியிருக்கும் ஒரு மாணவர். வீடியோவில் பார்த்த சமையலறை அந்த மாடியிலேயே இல்லை. அந்த நடைவழிப் பிள்ளைகள் டீ போட்டுக் கொடுத்து, அன்றிரவு பொது அறை சோபாவில் படுக்க விட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அப்புறம் தொடங்கியது தளத்தின் விளையாட்டு. முதலில் இயந்திரப் பதில். பிறகு ஒருவர், "புகார்ப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்." அடுத்து இன்னொருவர், முதலில் இருந்து எல்லா விவரமும் திரும்பக் கேட்டார். கடைசியில் வந்த பதில்: ஒப்பந்தம் ஜனவரி 1-ல் தொடங்கியது, ஜனவரி 3-க்குள் புகார் வரவில்லை, பணத்தை அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். அது பொதுவான தகவல்தானாம், விதிமுறைகளில் இருப்பதுதான் செல்லுமாம். பச்சை டிக் எதற்கு என்று கேட்டால், இமெயிலும் போன் எண்ணும் சரிபார்த்ததற்காம். ஆளையும் பார்க்கவில்லை, அறையையும் பார்க்கவில்லை. பிறகு, என் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக ஒரு மெயில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியோடு.

ஊரில் என் ஃபாரெக்ஸ் கார்டு வங்கி, ஓடிபி நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், இது மோசடிக் கணக்கில் வராது என்று முடித்துக்கொண்டது. இங்கே போலீஸில் 114 14-க்குப் போன் செய்தேன். மரியாதையாகக் கேட்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். அதோடு சரி.

இங்கே குடியேற்ற அனுமதிக்கு மாதச் செலவுக்கென்று 10,000 குரோனாவுக்கு மேல் கணக்கில் காட்ட வேண்டும். அப்படியென்றால் 11,000 குரோனா என்பது என் ஒரு மாதச் சாப்பாடு, பஸ், வாடகை எல்லாம். இப்போது ஹாஸ்டலில் ஒரு படுக்கைக்குத் தினமும் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வருகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், மனம் ஒட்டவில்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. நீங்கள் வந்து சேரும் நாளுக்கு முந்தைய தேதியில் ஒப்பந்தம் போடவே போடாதீர்கள், அறை கைவிட்டுப் போனாலும் சரி. ஸ்வீடனில் வாடகைக்கு இருப்பவர் தன் அறையை இன்னொருவருக்கு விட வேண்டுமென்றால் கட்டிட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதை எழுத்தில் கேளுங்கள், அந்த நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். இங்கே 'நேஷன்' என்று 13 மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, சிலவற்றுக்குச் சொந்தமாகவே குடியிருப்புகள் உண்டு. இப்போதே எழுதிக் கேளுங்கள். சாட்டில் சொல்வதை நம்பாதீர்கள், விதிமுறையில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்று காலை அதே தளத்தில் அதே படங்கள், வேறு பெயரில், 5,200 குரோனாவுக்கு. பக்கத்தில் பச்சை டிக். புகார் செய்தேன், இதை எழுதும்வரை எடுக்கவில்லை. ஃப்ளோக்ஸ்டா, மஞ்சள் திரை போட்ட ஜன்னல், அதன் கீழே வெள்ளை மேசை. அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு குரோனாகூடக் கட்டாதீர்கள்.