டியூப்லெஸ் ஸ்போக் வீல்னு 18,500 ரூபாய்க்கு பட்டை நாமம், பழைய புல்லட் வச்சிருக்கவங்க படிச்சிடுங்க

செம கடுப்புல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. பழைய பைக் பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் போடல, போட்டா இந்தப் பதிவையே தூக்க வச்சிடுவானுங்க. என் பழைய ஸ்டாண்டர்டு புல்லட் 350-க்கு "ஸ்டெயின்லெஸ் ஸ்போக், டியூப்லெஸ் ரெடி"ன்னு, அதாவது உள்ள டியூப் இல்லாமலே டயர்ல காத்து நிக்கும்னு, 19 இன்ச் கம்பி வீல் செட் போட்டிருந்தான். ரெண்டும் சேத்து 18,500, முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்.

போன்ல பேசுன ஆளு இருக்கானே, "பெஸ்ட் குவாலிட்டி சார்" கேஸ் கிடையாது. மாட்டுவண்டி சக்கரத்துல பாரம் கீழ இருக்கற ஆரக்கால் மேல நிக்கும், கம்பி வீல்ல அப்படி இல்லண்ணா, எல்லா கம்பியும் முன்னாடியே இழுத்து முறுக்கி வச்சிருக்கும், பாரம் ஏறுனா கீழ்க்கம்பியோட இழுப்பு கொஞ்சம் குறையும் அவ்ளோதான், அதான் இத்தனூண்டு கம்பி அவ்ளோ பெரிய வண்டிய தாங்குதுன்னு ஆரம்பிச்சான். 1869-ல பாரிஸ்ல இந்த மாதிரி கம்பி வீலக் கொண்டுவந்த யூஜின் மேயர், அப்புறம் இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்டார்லி, 1874-ல அவரு கம்பிய ஹப்புல (சக்கரத்தோட நடுக்குடம்) இருந்து நேரா விடாம சாய்ச்சு ஒண்ணுக்கொண்ணு குறுக்க விட்டது, அப்படி விட்டாதான் ஹப்போட முறுக்கு ரிம்முக்கு (வெளி வளையம்) போகும், பிரேக் அடிச்சாலும் கம்பி தாங்கும்னு வரிசையா சொல்றான். வேலை தெரிஞ்ச பையன்னு மனசுல நின்னுட்டான்.

நானும் நேராவே கேட்டேன், கம்பிய ரிம்முல புடிச்சு இறுக்கற நிப்பிள், அந்த ஓட்டை வழியா காத்து போயிடும்னுதானேப்பா ஸ்போக் வீலுக்கு டியூப் போடறோம்? "கரெக்டா கேட்டீங்கண்ணா, 1987-ல பிஎம்டபிள்யூக்காரன் ஜிஎஸ் பைக்ல கம்பிய ரிம் நடுவுல கோக்காம ஓரத்து விளிம்புல கோத்தான், காத்து நிக்கற இடத்துல ஓட்டையே கிடையாது, நம்மளுதும் அதே டெக்னாலஜிதான்." அப்பவே ஜிபே பண்ணிட்டேன். இப்ப தேடிப் பாத்தா அவன் சொன்ன சரித்திரம் பூரா நிஜம்ங்க, அந்தக் கடைசி வரி மட்டும் பச்சப் பொய்.

பார்சல் பிரிச்சா கம்பி எல்லாம் சாதாரண ரிம் மாதிரியே நடுவுலதான் கோத்திருக்கு, டயரும் மாட்டியே அனுப்பியிருக்கான், உள்ள என்னன்னு தெரியாது. உடனே போன் போட்டேன். "அது இந்தியன் வெர்ஷன்ணா, உள்ள ஸ்பெஷல் சீல், ஓட்டிப் பாருங்க, பிரச்சனைன்னா நான் இருக்கேன்"னான். இருந்தான், ரிட்டர்ன் டைம் முடியற வரைக்கும்.

அப்புறம் தினம் காலைல பின் டயர்ல காத்து பாதி இறங்கியிருக்கும். ஒரு மழைக்கே "ஸ்டெயின்லெஸ்" கம்பில துரு. போன வாரம் திருச்சி பைபாஸ்ல பின்பக்கம் திடீர்னு ஆட்டம் போட, உருட்டிக்கிட்டே போய் நம்ம பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட நிறுத்துனேன். டயரைக் கழட்டி ரிம் உள்ள நகத்தால ஒரு இழு இழுத்தார், பாத்ரூம் சிங்க் ஓரத்துல பூசற வெள்ளை சிலிக்கான் அப்படியே நீளமா உரிஞ்சு வருது. அதுக்குக் கீழ வரிசையா நிப்பிள் ஓட்டை. இதான் ஸ்பெஷல் சீல், 18,500 ரூபாய்க்கு.

அதைவிட பயங்கரம் இன்னொண்ணு. டியூப்லெஸ் ரிம்ல டயர் உக்கார்ற இடத்துக்கு உள்பக்கமா சின்னதா ஒரு மேடு சுத்தி ஓடும், காத்து இறங்குனாலும் டயர் நடுப்பள்ளத்துக்குள்ள சரியாம அதுதான் புடிச்சு வைக்கும். இதுல மேடே இல்ல, வழவழன்னு இருக்கு, டயர் ஒரு பக்கம் நழுவி இருந்துச்சு. அண்ணன் ஸ்பேனரால கம்பிய ஒவ்வொண்ணா தட்டுனார், சிலது டிங்குங்குது, சிலது டொக்குங்குது. டொக்குன்னா லூசு, ஒவ்வொரு சுத்துக்கும் தளந்து தளந்து இழுத்து, ஹப்புகிட்ட வளைவுல ஒருநாள் பட்டுன்னு ஒடியும்னார். வீட்டம்மாவும் பின்னாடி உக்காந்து வர்ற வண்டிங்க இது.

கடைக்கு அடிச்சா முதல்ல "ஃபிட்டிங் மிஸ்டேக்", அப்புறம் "உங்க ஊர் ரோடு அப்படி", அப்புறம் "டயரைக் கழட்டிட்டீங்க, வாரன்டி போச்சு". கழட்டாம எப்படிடா தெரியும்? அந்த சரித்திரப் புலவர் இப்ப போனே எடுக்கல, வாட்ஸப்ல ப்ளூ டிக் மட்டும் விழுது. பிளாட்பார்ம்காரன்கிட்ட கேட்டா செல்லர்கிட்ட பேசுங்கங்கறான், ரிவ்யூ போட்டா "அண்டர் மாடரேஷன்".

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஓடல. சுருக்கமா, ரிம் நடுவுல நிப்பிள் தெரிஞ்சா டியூப்லெஸ்னு எவன் சொன்னாலும் உள்பக்க போட்டோ கேளுங்க, சிலிக்கானோ டேப்போ இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க. டயர் மாட்டி அனுப்புறேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. கம்பியத் தட்டிப் பாருங்க. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. பழைய புல்லட்டுக்கு டியூப் போதும்ங்க, மெட்ராஸ்ல அந்த வண்டி வந்த காலத்துல இருந்து அதுலதான் ஓடுது.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு. இதே செட் வாங்கி ஏமாந்தவங்க இருந்தா பில்லும், ரிம் உள்பக்க போட்டோவும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க, 18,500 ரூபாய சும்மா விடறதா இல்ல.