உள்ளே விற்பதா, வாசலில் தடுப்பதா?

கல்ச்சுரல்ஸ் அன்று சென்னைக் கல்லூரிகளுக்குள் சொட்டு சரக்கு விற்பதில்லை, ஆனால் வரும்போதே ஏற்றிக்கொண்டு வருகிற கூட்டத்தை கேட்டில் நின்றாலே பார்க்கலாம். மாநகராட்சிக்குள் கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி டாஸ்மாக் இருந்தால் போதும் என்கிறது 2003 விதி. 50 மீட்டர் எல்லாம் ஒரு தூரமா? அதனால் "அமெரிக்கா மாதிரி உள்ளேயே அளவாக விற்கலாமே" என்று யாராவது கேட்டால் சட்டென்று திட்டிவிட முடியாது.

அங்கே என்ன செய்தார்கள்? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011-ல் தன் மைதானத்தில் பீர் விற்க ஆரம்பித்தது, போலீஸ் வரை போகிற தகராறுகள் குறைந்தன, எல்லோரும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே சமயத்தில், இடைவேளையில் பார்க்கிங்குக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிற பழக்கத்துக்கும் தடை போட்டார்கள், வெளியே போனால் போனதுதான். தகராறைக் குறைத்தது பீர் கடையா, அந்தத் தடையா? என் ஓட்டு தடைக்கு. 2019-ல் எஸ்.இ.சி. என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு அனுமதித்தபோதும் கட்டுப்பாடுகள் கூடவே வந்தன: பீர், ஒயின் மட்டும், ஒரு முறைக்கு இரண்டு, ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை, ஆட்டத்தின் முக்கால் பகுதி முடிந்ததும் விற்பனை நிறுத்தம்.

இங்கே இடிப்பது வயது. குடிப்பதற்கான சட்ட வயது அமெரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் 21தான், ஆனால் அந்த மைதானங்களில் முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் ஏராளம், நம் கல்ச்சுரல்ஸுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 17லிருந்து 20. யாருக்கு விற்பது? லாபமும் பெரிதாக இருக்காது, சில்லறை விற்பனை 2003லிருந்து டாஸ்மாக் கையில், கல்லூரிக்கு மிஞ்சுவது கெட்ட பெயர்தான். 2023-ல் மது பரிமாறத் திருமண மண்டபங்களுக்கும் சிறப்பு உரிமம் என்று அரசு அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அவற்றை மட்டும் அவசரமாக நீக்கியது. கல்யாணத்துக்கே இந்தப் பாடு.

முன்னாள் மாணவர் சந்திப்பு வேறு விஷயம், பார் உரிமம் உள்ள ஹோட்டலில் வைத்துக்கொள்ளட்டும், எல்லோரும் 21 தாண்டியவர்கள்.

மாணவர் விழாவுக்கு விற்பனை வேண்டாம், மறுநுழைவுத் தடையை மட்டும் அமெரிக்காவிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் உள்ளே குடிதண்ணீரும் கட்டுப்படியாகிற விலையில் சாப்பாடும் இருக்க வேண்டும், ஃப்ரைட் ரைஸை யானை விலைக்கு விற்றால் பசங்க சுவர் ஏறிக் குதிப்பார்கள்.