நெடுந்தூர ஹேண்ட்சைக்கிள்: எடையை விடுங்கள், கடைசி கியரைப் பாருங்கள்

கால்களால் மிதிக்க முடியாதவர்கள் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி, பெடலுக்குப் பதிலாகப் பிடிகள் உள்ள கிராங்கை இரண்டு கைகளாலும் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர ஹேண்ட்சைக்கிளைப் பற்றிய மதிப்பீடு இது. இன்று 50 கிலோமீட்டர் போக வேண்டும், நாளைக்கும் போக உடம்பு இடம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு எது சரிப்படும் என்பது மட்டும்தான் இங்கே கேள்வி.

எங்கள் பதில்: அலுமினியச் சட்டம், 27 கியர், 15 கிலோவை ஒட்டிய எடை கொண்ட சாதாரண டூரிங் மாடல் போதும். மிச்சமாகும் பணத்தை கியரிலும் இருக்கையிலும் போடுங்கள்.

விற்பவர் எடையைத்தான் முதலில் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், 3 கிலோ குறைந்த வண்டி ஏற்றத்தில் 3 சதவீத உழைப்பைத்தான் மிச்சப்படுத்தும். இப்போது கியருக்கு வருவோம். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 மீட்டர் நகர்கிறார். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.05 மீட்டர் உருளும். கிராங்க் பக்கம் 30 பல், சக்கரப் பக்கம் 34 பல் என்றால் கையின் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 37 சுற்று. ஒவ்வொரு சுற்றும் தோளைப் பிடுங்கும். அதையே 22 பல், 36 பல் என்று மாற்றினால் சுற்றுக்கு 1.25 மீட்டர்தான், நிமிடத்துக்கு 53 சுற்று வரும். செலவாகும் மொத்த ஆற்றல் அதேதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கை தள்ள வேண்டிய விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வண்டியிலிருந்து இறங்கினால் வீல்சேரைத் தள்ளவும், கட்டிலுக்கு மாறவும் அதே தோள்தான் வேண்டும். அந்தத் தோளுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடைசி கியரில், அதாவது ஏற்றத்துக்கான மிக லேசான கியரில், கையின் ஒரு சுற்றுக்கு வண்டி எத்தனை மீட்டர் நகரும்? மலைப்பாதை உண்டென்றால் 1.3 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்தது பார்க்கிங் பிரேக். ஏற்றத்தின் நடுவில் கையை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். காலை ஊன்றி நிறுத்த முடியாதவருக்கு அந்த ஒரு நொடி பயங்கரமானது. செங்குத்தான இடத்தில் நிறுத்தி, ஒரே கையால் பிரேக்கைப் பூட்டி, இரண்டு கைகளையும் எடுத்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பிப் பாருங்கள். உதவியில்லாமல் இது முடிந்தால் எந்த மலையையும் துண்டு துண்டாக ஏறிவிடலாம். முடியாவிட்டால் தட்டையான சாலையிலும் மனதில் பயம் இருந்துகொண்டே இருக்கும். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் நம்பிக்கை என்று சொல்வதில் பாதி இந்தப் பூட்டில்தான் இருக்கிறது: நடுவழியில் நிற்கலாம், நின்ற இடத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம்.

இந்த வகையின் உண்மையான குறை முன்சக்கர வழுக்கல். உந்துவது முன்சக்கரம், ஏற்றத்தில் எடையோ பின்னால் போய்விடுகிறது. ஈரமான சாலையிலும் சரளையிலும் சக்கரம் சும்மா சுற்றும். மூட்டை முழுவதையும் இருக்கைக்குப் பின்னால் கட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். கொஞ்சம் அகலமான டயர், சற்றே குறைந்த காற்று, வெட்டி இழுக்காத சீரான சுற்று ஆகியவை உதவும். முழுத் தீர்வு இல்லை.

கிராங்க் பொருத்தத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிடி மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கிராங்க் அச்சு தோள் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அச்சு உயர்ந்தால் தோள் மூட்டு நெரியும், சாலையும் மறைந்துவிடும். விரல் பிடிப்பு இல்லாதவருக்கு மணிக்கட்டுப் பட்டை வைத்த பிடிகள் கிடைக்கின்றன. அங்கே சிக்கல் இரண்டாவது கை: முதல் கையைக் கட்டிய பிறகு அடுத்ததைக் கட்ட யார் இருக்கிறார்? வெல்குரோ பட்டையை விட, கையை நுழைத்தால் பிடித்துக்கொண்டு, திருப்பினால் விட்டுவிடும் வகையே தனியாகப் போகிறவருக்கு ஏற்றது.

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சாய்ந்து உட்காரும்போது கால்கள் கிட்டத்தட்ட இடுப்பு மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது காலில் கட்டிய யூரின் பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்காது. சிறுநீர் வடியாது, பின்னோக்கியும் போகலாம். நீளமான குழாய் போட்டு, பேக்கை இருக்கைச் சட்டத்துக்கு அடியில் தொங்கவிடுங்கள். இடுப்புப் பட்டை குழாயை நசுக்குகிறதா என்று ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தடவிப் பாருங்கள். மார்புப் பகுதியின் 6-ஆம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் திடீரென அபாயகரமாக ஏறலாம். தலை விண்விண்ணென்று தெறிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே நிறுத்தி, முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைதான். முதுகுச் சாய்வைச் சட்டென நிமிர்த்த முடிகிற வண்டிக்கு எங்கள் முன்னுரிமை இதனால்தான்.

வண்டியோடு வரும் மெத்தை பெரும்பாலும் மெல்லியது. மருத்துவ மெத்தை வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். அழுத்தப் புண் வராமலிருக்க, அரை மணிக்கு ஒருமுறை உடம்பைச் சாய்த்து அழுத்தத்தை மாற்றுங்கள். இரவில் குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாவிட்டால் மறுநாள் பயணம் கிடையாது. தண்டுவடக் காயத்துக்குக் கீழே வியர்க்காதவர்கள், உடம்பைக் குளிர்விக்க, தண்ணீர் தெளிப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

முழங்காலிட்டு ஓட்டும் வகையும் இருக்கிறது. 2001-இல் இரு கால்களையும் இழந்த கார் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் அதில்தான் தங்கம் வென்றார். அதைப் பார்த்து ஆசைப்படுவது நல்லதே. ஆனால் அது உடற்பகுதியை முழுமையாகக் கட்டுப்படுத்த முடிந்தவருக்கான வண்டி. வயிற்றுத் தசை வேலை செய்யாதவருக்குச் சாய்வு வகைதான். வீல்சேரில் மாட்டும் வகை மெதுவானது, மேலும் எளிதில் வழுக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றினால் நாற்காலி தயார். சாய்வு வண்டியில் போகிறவருக்கு நாற்காலியை இன்னொருவர் கொண்டுவர வேண்டும், அல்லது டிரெய்லரில் இழுக்க வேண்டும்.

வீல்சேரிலிருந்து வண்டிக்கு இறங்குவது எளிது; 30 செ.மீ. உயர இருக்கையிலிருந்து திரும்ப வீல்சேருக்கு ஏறுவதுதான் கடினம். தோள் களைத்திருக்கும்போது இதைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வண்டி மனதுக்கு என்ன தருகிறது என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும். இரண்டு கைகளும் ஒன்றாகச் சுற்றுவதால் மூச்சு தானாகவே அந்தத் தாளத்தில் விழும். பிரார்த்தனை செய்பவர்கள் சுற்றுக்கு ஒரு சொல்லாக ஜபமாலை போல எண்ணிக்கொண்டு போகலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் அடுத்த மைல்கல் வரை என்ற சின்ன இலக்கு கைகொடுக்கும். சோர்வான நாளில் 10 கிலோமீட்டரோடு நிறுத்துவதும் பயணம்தான். ஆனால் வலி நிவாரணியைப் போட்டுக்கொண்டு தோள் வலியை நம்பிக்கையால் வென்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோள் போனால் வண்டி மட்டுமல்ல, அன்றாடமும் போய்விடும்.

வாங்கும் நாளிலேயே கூடுதல் டியூப்களைச் சேர்த்து வாங்குங்கள். முன்சக்கரமும் பின்சக்கரங்களும் வெவ்வேறு அளவில் இருக்கும் மாடல்களுக்கு இரண்டு அளவிலும் வேண்டும். பின்சக்கரங்கள் பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். முன்சக்கரத்தை இருக்கையில் இருந்தபடி கழற்ற முடியாது. அதற்கு ஒரு துணை வேண்டும்.