14 மாதம் ஓட்டிய கெர்னல், தூங்கி எழாத டச்பேட்

புது லேப்டாப் வாங்கி அதில் லினக்ஸ் போடப்போகும் நண்பன் கேட்டான்: "டிஸ்ட்ரோ கொடுக்கிற கெர்னலே போதுமா, இல்ல நீ ஓட்டுறியே, அந்த மாதிரி பேட்ச் போட்டதைப் போடவா?" கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; டிஸ்ட்ரோ என்பது அதை மற்ற மென்பொருளோடு சேர்த்துத் தரும் தொகுப்பு; பேட்ச் என்பது அந்தக் கெர்னலின் நிரலில் மேலே போடும் மாற்றம். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது.

14 மாதம் பேட்ச் போட்ட கெர்னலில்தான் இருந்தேன். போன மாதம் அதைத் தூக்கிவிட்டேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பாராட்டு. நான் யுஎஸ்பி மைக்கில் பேசிப் பதிவு செய்பவன். என் குரல் என் காதுக்கு உடனே கேட்க வேண்டும் என்று, ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் பஃபரை 128 ஃபிரேமுக்குக் குறைத்து வைப்பேன். 48,000 ஹெர்ட்ஸில் அது 3 மில்லிவிநாடிகூட இல்லை. பின்னணியில் கம்பைல் (எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் கனமான வேலை) ஓடினால், பழைய டிஸ்ட்ரோ கெர்னலில் ஹெட்போனில் 'பட் பட்' என்று வெடிக்கும். பேட்ச் போட்டதில் சிபியுவின் 16 த்ரெட்டும் முழுதாக ஓடும்போதுகூட ஒரு வெடிப்பு கிடையாது. டைமர் விநாடிக்கு 1000 முறை அடிப்பதும், கெர்னல் தன் வேலையையே பாதியில் விட்டுவிட்டு அவசர வேலைக்கு வழிவிடுவதும்தான் காரணம். 1000 ஹெர்ட்ஸ் பேட்டரியைக் குடித்துவிடும் என்பார்கள். சிபியு சும்மா இருக்கும்போது அந்தத் துடிப்பே நின்றுவிடும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, டச்பேட். மூடியைத் திறந்தால் திரை வரும், கீபோர்டு வேலை செய்யும், பாயின்டர் மட்டும் நட்ட கல்லாக நிற்கும். எப்போதும் இல்லை, ஐந்தாறு முறைக்கு ஒரு தடவை. கீபோர்டிலேயே டெர்மினலைத் திறந்து, டச்பேடை இயக்கும் கெர்னல் துண்டான ஐ2சி ஹிட் மாட்யூலைக் கழற்றி மாட்டினால் உயிர் வரும். அதைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டு மாதம் தாங்கியது. அப்புறம் ஒரு அப்டேட்டில், மாட்யூலைக் கழற்றும் இடத்திலேயே எல்லாம் உறைந்துபோயிற்று. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சேமிக்காத 40 நிமிடப் பதிவு போயே போய்விட்டது.

யாரிடம் சொல்வது? மெயின்லைன் (பேட்ச் போடாத மூல கெர்னல்) ஆட்கள் "பேட்ச் இல்லாததில் வருகிறதா பாருங்கள்" என்பார்கள். நியாயம்தான். டிஸ்ட்ரோவின் 6.12 பதிப்புக் கெர்னலில் மூன்று வாரம் மூடி மூடித் திறந்தேன், ஒருமுறைகூட வரவில்லை. பேட்ச் பராமரிப்பவர்களோ ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள், என் மெஷின் அவர்கள் கையில் இல்லை. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அன்று இரவு வந்த கோபம் கொஞ்சமில்லை.

மெயின்லைனும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் 6.6 வந்தபோது, எந்த வேலைக்கு சிபியுவை எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கும் புதிய ஈஈவிடிஎஃப் ஷெட்யூலர் வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டாக வெளியே பேட்ச்சாகவே கிடந்த ரியல்டைம் ஆதரவு (அவசர வேலைக்குக் குறித்த நேரத்துக்குள் வழிவிடும் வசதி) 2024-ல் 6.12-ல் உள்ளே சேர்ந்தது. பெரும்பாலான டிஸ்ட்ரோ கெர்னல்களில் பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) பிரீஎம்ப்ட் மதிப்பை 'ஃபுல்' என்று கொடுத்தாலே பாதிப் பலன் கிடைக்கிறது. இதை முதல் மாதமே செய்து பார்த்திருக்க வேண்டும்.

அதனால் நண்பா, டிஸ்ட்ரோ கெர்னலையே போடு. ஹார்டுவேர் ரொம்பப் புதிது என்றால் நீண்ட காலம் பராமரிக்கும் பழைய பதிப்பான எல்டிஎஸ்ஸை விட்டுவிட்டு மெயின்லைனின் புதிய ஸ்டேபிளுக்குப் போ. டிரைவர்கள் அங்கேதான் முதலில் வரும். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் மாதிரி, சில டிரைவர்கள் பேட்ச்சில் மட்டுமே இருக்கிற மெஷின் என்றால் கதை வேறு.

கம்பைல் ஓடும்போது இன்னும் எப்போதாவது ஒரு வெடிப்பு கேட்கிறது. இப்போதெல்லாம் பதிவு முடிந்த பிறகுதான் கம்பைல் போடுகிறேன்.